சிப்பாயின் இருதயம்

பயம் என்பது மனத்திலே உண்டாகிற ஒன்று என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பயத்தைப் பற்றிப் பேச வேண்டி வந்தால் நாம் மனத்தின் பக்கமே போவதில்லை. வயிற்றைக் கலக்குகிறது என்கிறோம். நெஞ்சு படபடத்தது, குலை நடுங்கியது, நாக்கு உலர்ந்துவிட்டது, கைகால் வெடவெடத்தது, வியர்த்து விறுவிறுத்துப் போயிற்று, சப்த நாடியும் ஒடுங்கிவிட்டது என்றெல்லாம் சொல்கிறோம். இத்தனையும் உடம்பின் சமாசாரம். கிலியினால் தேகத்துக்கு என்னென்ன நேரும் என்று ஒரு டாக்டரைப் பட்டியல் போடச் சொன்னால், அவர் இதற்கு மேல் இரண்டு மூன்றுதான் சேர்க்க முடியும்.

நம் வீட்டுப் பாட்டிமார்களுக்கும் இது தெரிந்திருந்தது. குழந்தை சோறு தின்னாமல், இரவில் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டு கிடந்தால், "எதையோ கண்டு பயந்திருக்கு" என்பார்கள். விபூதி இட்டு மடியில் போட்டுக்கொள்வார்கள். அவர்கள் செய்த வைத்தியத்தைப் பற்றி வாதம் செய்யலாம். நோயைக் கண்டுபிடித்த விதத்தில் குற்றம் சொல்ல முடியாது.

இதே விஷயத்தை மேல்நாட்டு வைத்திய சாஸ்திரம் தீர்மானமாகத் தெரிந்துகொள்வதற்கு ஏறக்குறைய நூறு வருஷம் பிடித்தது. அந்தக் காலத்தில் பெரும்பகுதி அது இருதயத்தையே தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல உத்தேசம். டாக்டர்களைப் பரிகசிப்பது என் நோக்கமல்ல. அவர்களில் பலர் மகா புத்திசாலிகள்; சிலர் மிகுந்த கருணை உள்ளவர்கள். அவர்கள் எந்த இடத்தில் வழி தவறினார்களோ, அதே இடத்தில்தான் இன்றைக்கும் நடுநிசியில் மார்பைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்களில் பல பேர் நின்றுகொண்டிருக்கிறார்கள். ஆகையால் கதை பழையதானாலும் காரியம் பழையதல்ல.

★

1831-ம் வருஷக் கடைசியில், இங்கிலாந்தில் பிளிமத் துறைமுகத்தில், இருபத்திரண்டு வயது வாலிபர் ஒருவர் கப்பலுக்காகக் காத்திருந்தார். கப்பல் புறப்படும் தேதி தள்ளிக்கொண்டே போயிற்று. வானம் மூடிக் கிடந்தது. வீட்டையும் உற்றாரையும் விட்டு வெகு காலம் பிரிந்திருக்க வேண்டுமே என்ற ஏக்கம் வேறு. இந்த நிலையில் அவருக்கு நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது. மார்பில் வலியும் கண்டது. வாலிபர் கொஞ்ச காலம் வைத்தியம் படித்துப் பாதியில் விட்டவர். அரைகுறை வைத்திய ஞானம் உள்ளவர்கள் செய்வதையே அவரும் செய்தார். தமக்கு இருதய நோய் வந்துவிட்டது என்று தீர்மானித்துக்கொண்டார். ஆனால் டாக்டரிடம் மட்டும் போகவில்லை. போனால், கடல் பிரயாணத்துக்கு லாயக்கில்லை என்று சொல்லிவிடுவாரே! என்ன வந்தாலும் போயே தீருவது என்று டிசம்பர் 27-ந் தேதி புறப்பட்டுவிட்டார். கப்பலின் பெயர் 'பீகிள்'. வாலிபரின் பெயர் சார்லஸ் டார்வின். இதையெல்லாம் அவரே சுயசரிதையில் எழுதி வைத்திருக்கிறார்.

ஏறக்குறைய ஐந்து வருஷம் அந்த இருதயம் அவரைச் சுமந்துகொண்டு தென் அமெரிக்காவின் புல்வெளிகளில் குதிரைச் சவாரி செய்தது. ஆண்டீஸ் மலையில் ஏறி இறங்கியது. நிற்கவில்லை. பிற்காலத்தில் டார்வின் நெடுநாள் நோயாளியாக இருந்தார். அது என்ன நோய் என்பதில் பண்டிதர்களுக்குள் இன்னும் சர்ச்சை தீரவில்லை. அதில் நான் தலையிடப் போவதில்லை. ஒன்று மட்டும் எனக்குத் தோன்றுகிறது. பிளிமத்தில் ஒரு ஜாக்கிரதையான டாக்டர் கையில் அவர் அகப்பட்டிருந்தால் அந்தக் கப்பலில் வேறு யாராவது போயிருப்பார்கள்.

டாக்டரிடம் போகாமலிருப்பதே நல்லது என்று இதற்கு யாரும் அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முப்பது வருஷம் கழித்து அமெரிக்காவில் வடக்கு மாகாணங்களுக்கும் தெற்கு மாகாணங்களுக்கும் உள்நாட்டு யுத்தம் மூண்டது. காயம் பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் ஆஸ்பத்திரிகளுக்கு வந்தார்கள். அவர்களோடு, உடம்பில் கீறல்கூட இல்லாத சிப்பாய்களும் வந்தார்கள். இவர்களைக் கவனிக்கும் பொறுப்பு பிலடெல்பியா நகரத்து டர்னர்ஸ் லேன் ராணுவ ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜேகப் டா கோஸ்டா என்பவரிடம் வந்து சேர்ந்தது. அவர் நிதானஸ்தர், நோயாளி சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொள்கிறவர். அவர் கண்ட சிப்பாய்களின் கதை பெரும்பாலும் ஒரே மாதிரி இருந்தது. ஜுரமோ வயிற்றுப்போக்கோ வந்து சிப்பாய் சில நாள் படுக்கிறான். உடம்பு தேறிப் படைக்குத் திரும்புகிறான். ஆனால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மற்றவர்களோடு நடக்க முடியவில்லை. மூச்சு வாங்குகிறது. தலை சுற்றுகிறது. மார்பு வலிக்கிறது. இருதயம் வெளியே வந்து விழுந்துவிடும் போல அடித்துக்கொள்கிறது. சில சமயம் படுத்திருக்கும் போதே அப்படி அடித்துக்கொள்கிறது. பார்ப்பதற்கோ ஆள் வாட்டசாட்டமாக இருக்கிறான்!

இப்படி முந்நூறுக்கு மேற்பட்டவர்களைப் பரிசோதித்து, 1871-ம் வருஷம் ஜனவரியில் டா கோஸ்டா ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். 'எரிச்சல் கொண்ட இருதயம்' என்று அந்த நோய்க்குப் பெயர் வைத்தார். ஜனங்கள் அதைச் 'சிப்பாயின் இருதயம்' என்றார்கள். காரணங்களையும் வரிசைப்படுத்தினார். ஜுரம், வயிற்றுப்போக்கு, ஓயாத நடை, யுத்தகளத்தின் கடும் உழைப்பு, காயம் — எல்லாம் இருந்தன. பயம் மட்டும் அந்த வரிசையில் இல்லை. பீரங்கிக் குண்டு விழும் இடத்திலிருந்து வந்த ஆட்கள்! சிகிச்சை என்னவென்றால் நீண்ட ஓய்வு. இருதயத்தின் வேகத்தைக் குறைக்க டிஜிடாலிஸ் முதலிய மருந்துகள்.

அவ்வளவு கெட்டிக்காரர் இதை எப்படித் தவறவிட்டார் என்று முதலில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. யோசித்துப் பார்த்ததில், தவறவிட்டதிலும் ஒரு தயவு இருந்தது என்று தோன்றியது. பட்டாளத்திலே ஒருவனைப் பார்த்து, 'உனக்கு வந்திருப்பது பயம்' என்று சொன்னால் என்ன ஆகும்? பயந்தவனுக்குக் கோழை என்று பெயர். கோழைக்குக் கிடைப்பது அவமானம், சில சமயம் அதைவிட மோசம். இருதய நோய் என்றாலோ, அவன் மரியாதையோடு கட்டிலில் படுத்துக்கொள்ளலாம். வீட்டுக்குக் கடுதாசி எழுதலாம். இருதயம் என்ற சொல் அந்தச் சிப்பாய்களுக்கு ஒரு கேடயமாக இருந்தது. ஆனால் அந்தக் கேடயத்தைச் சுமக்கிறவனுக்கு ஒரு தண்டனையும் உண்டு. தன் இருதயம் கெட்டுப்போயிற்று என்று அவன் நம்பியாக வேண்டும். நம்பினால் மாடிப்படி ஏறும் போதெல்லாம் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்க்கப் பார்க்க அது இன்னும் வேகமாக அடிக்கும்.

அதே டர்னர்ஸ் லேன் ஆஸ்பத்திரியில் நரம்புக் காயங்களுக்கு வைத்தியம் செய்துகொண்டிருந்தவர் டாக்டர் வெயர் மிட்செல். அவர் பிற்காலத்தில் நாவல்களும் எழுதினார் என்பதால் எனக்கு அவரிடம் ஒரு ஒட்டுறவு. ஆனால் அவர் புகழ் பெற்றது நாவல்களால் அல்ல, 'ஓய்வு சிகிச்சை'யால்தான். நரம்புத் தளர்ச்சி என்று வரும் ஸ்திரீகளை வாரக்கணக்கில் கட்டிலை விட்டு இறங்கவிடாமல், பாலாகப் புகட்டி, படிக்கவும் எழுதவும் கூடாது என்று வைத்திருப்பார். 1887-ல் இந்தச் சிகிச்சைக்கு ஆளான சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் என்ற எழுத்தாளர், தமக்குப் பைத்தியம் பிடிக்கும் எல்லைக்குப் போய்விட்டுத் திரும்பினார். அந்த அனுபவத்தை வைத்து 'மஞ்சள் சுவர்க் காகிதம்' என்ற சிறுகதையை எழுதி 1892-ல் வெளியிட்டார். ஓய்வு எல்லோருக்கும் ஓய்வாக இருப்பதில்லை. பயந்தவனைத் தனி அறையில் படுக்கப் போட்டால் அவனும் பயமும் மட்டுமே அங்கே மிஞ்சுகிறார்கள்.

இன்னொரு வேடிக்கை. டா கோஸ்டாவின் கட்டுரை வந்த அதே 1871-ல், பெர்லினில் கார்ல் வெஸ்ட்பால் என்ற டாக்டரும் ஒரு கட்டுரை எழுதினார். அவரிடம் வந்தவர்கள் சிப்பாய்கள் அல்ல. ஒருவர் ஊர் ஊராகப் போய் வியாபாரம் பார்க்கிறவர். அவர்களுக்கு வெட்டவெளியான சதுக்கங்களைக் கடக்க முடியவில்லை. நடுவில் போனதும் படபடப்பு, நடுக்கம், செத்துப்போவோம் என்ற கிலி. யாராவது துணைக்கு வந்தால் தேவலை. வெஸ்ட்பால் இதற்கு வெளியிடப் பயம் என்று ஒரு பெயர் கொடுத்தார். பிலடெல்பியாக்காரர் படபடக்கும் நெஞ்சைப் பார்த்தார்; பெர்லின்காரர் கடக்க முடியாத சதுக்கத்தைப் பார்த்தார். இரண்டும் ஒரே யானையின் காலும் காதும் என்பது வெகு நாள் யாருக்கும் தெரியவில்லை.

★

1914-ல் ஐரோப்பாவில் பெரிய யுத்தம் வந்தது. பிரிட்டிஷ் ராணுவத்தில் மறுபடியும் அதே காட்சி. நெஞ்சு படபடப்பு, மூச்சுத் திணறல், தலைச்சுற்றல் என்று சிப்பாய்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வந்தார்கள். இவர்களுக்காக லண்டனில் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் ஒரு தனி ஆஸ்பத்திரி ஏற்பட்டது. இருதய சாஸ்திரத்தில் அந்தக் காலத்து மேதையான தாமஸ் லூயிஸ் அங்கே வேலை பார்த்தார். பிறகு கோல்செஸ்டருக்கு அந்த வேலை மாறிற்று.

லூயிஸ் ஒரு நல்ல காரியம் செய்தார். படுத்திருந்தவர்களை எழுப்பி நிறுத்தினார். கொஞ்சம் கொஞ்சமாகத் தேகப்பயிற்சி. இன்றைக்கு இவ்வளவு, அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் அதிகம். இருதயம் வெடித்துவிடும் என்று நினைத்தவன் ஓடிப் பார்த்தான்; வெடிக்கவில்லை. எத்தனையோ பேர் இந்த முறையில் தேறி எழுந்தார்கள். இன்னொரு நல்ல காரியம், நோயின் பெயரிலிருந்து இருதயத்தை எடுத்துவிட்டது. கடுமையாக உழைத்த ஆரோக்கியமான மனிதனுக்கு வருகிற இளைப்பும் படபடப்பும்தான் இவர்களுக்குச் சொற்ப உழைப்பிலேயே வருகின்றன என்று சொல்லி, 1918-ல் வெளியிட்ட புத்தகத்தில் 'பிரயாசைக் கோளாறு' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். ஆனால் காரணம் என்ன என்பதில் அவரும் பயத்தின் பக்கம் போகவில்லை.

விடை அப்போதே புத்தகக் கடையில் விலைக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் ஹார்வர்ட் சர்வகலாசாலையில் வால்டர் கானன் என்ற உடலியல் பேராசிரியர், புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டிருந்த எக்ஸ்-ரே கருவியை வைத்துப் பூனையின் வயிற்றுக்குள் ஆகாரம் எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பூனை மிரண்டால் உடனே வயிற்றின் அசைவு நின்றுவிடுவதைக் கவனித்தார். பிறகு குலைக்கும் நாயின் எதிரே பூனையை வைத்து, அதன் ரத்தத்தில் அட்ரினலின் என்ற சுரப்பு கலந்திருப்பதைக் கண்டார். 1915-ல் இதையெல்லாம் புத்தகமாகவே எழுதிவிட்டார்.

அவர் சொன்னது இதுதான். காலடியில் பாம்பு நெளிந்தால் யோசிக்க நேரமில்லை. உடம்பு தானாகவே தயாராகிறது. இருதயம் வேகமாக அடித்துக் கைகால்களுக்கு ரத்தத்தை அனுப்புகிறது. தோலிலிருந்தும் வயிற்றிலிருந்தும் ரத்தம் வாங்கப்படுகிறது. அதனால் முகம் வெளுக்கிறது, வயிறு பிசைகிறது. மூச்சு வேகமாகிறது. வியர்வை கொட்டி உடம்பைக் குளிர வைக்கிறது. தசைகள் முறுக்கேறி நடுங்குகின்றன. இத்தனையும் ஓடுவதற்கோ அடிப்பதற்கோ ஏற்பாடு. ஓடிவிட்டால் எல்லாம் செலவாகிவிடும். பாம்பே இல்லாமல், பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது இந்த ஏற்பாடு நடந்துவிட்டால்? ஓட இடமில்லை, அடிக்க ஆளில்லை. தேவைக்கு மேல் மூச்சு வாங்கினால் ரத்தத்திலிருந்து கரியமில வாயு அதிகமாக வெளியேறிவிடுகிறது. உடனே தலை கிறுகிறுக்கிறது; விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போகிறது; மார்பில் கயிறு கட்டி இறுக்கியது போல் இருக்கிறது. இதைப் பார்த்து மனிதன் 'செத்தேன்' என்று நினைக்கிறான். அந்த நினைப்பைக் கேட்டு உடம்பு இன்னும் கொஞ்சம் அட்ரினலின் அனுப்புகிறது.

பாஸ்டனில் எழுதப்பட்ட இந்தப் பாடம் ஹாம்ப்ஸ்டெட் கட்டில்களுக்கு வந்து சேரவில்லை. பயம் என்ற சொல்லுக்கு அந்த யுத்தத்தில் இருந்த விலையை நினைத்தால் ஆச்சரியமில்லை. படையை விட்டு ஓடியது, கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காக அந்த யுத்தத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட பிரிட்டிஷ், காமன்வெல்த் சிப்பாய்கள் 306 பேருக்குப் பிரிட்டிஷ் சர்க்கார் மன்னிப்பு வழங்கியது 2006-ம் வருஷத்தில்தான். அவர்களில் எத்தனை பேருக்குக் கால் எழும்பாமல் போனதற்கு இந்த உடம்புக் கிலி காரணமோ, யார் கண்டார்கள்?

★

'உனக்கு இருதய நோய்' என்பது ஒரு பிழையானால், 'உனக்கு ஒன்றுமே இல்லை' என்பது இன்னொரு பிழை. இதை எனக்கு விளங்க வைத்தவர் என் பெரியப்பா மகன். மாயவரத்தில் இருக்கிறார், கணக்கு வேலை. ஐம்பது வயது வரை ஒரு தலைவலி கிடையாது. ஒரு நாள் கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது நெஞ்சு அடித்துக்கொண்டு, உடம்பெல்லாம் வியர்த்து, விரல் மரத்துப்போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். இருதயம் கல் மாதிரி இருந்தது. நான் போய்ப் பார்த்தேன்.

"டாக்டர் ஒண்ணும் இல்லேன்னுட்டார்" என்றார், ஏதோ திட்டு வாங்கியவர் மாதிரி.

"நல்லதுதானே அண்ணா?"

"என்னடா நல்லது? ஒண்ணும் இல்லேன்னா எனக்கு ஏன் இப்படி வருது? நான் என்ன வேஷமா போடறேன்?"

அண்ணி சமையலறையிலிருந்து, "மனசைத் தைரியமா வச்சுக்குங்கன்னு நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டேன்" என்றாள். அண்ணா என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்னிடம் அன்றைக்குப் பதில் இல்லை. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவர் தனியாக பஸ் ஏறவில்லை. கல்யாணம், கார்த்திகை எதற்கும் போகவில்லை. கடைத்தெருவுக்குக்கூட மகன் துணை. சட்டைப் பையில் எப்போதும் தண்ணீர்ப் புட்டியும் டாக்டர் சீட்டும். பெர்லின் வியாபாரியும் பிலடெல்பியா சிப்பாயும் ஒரே ஆளாக மாயவரத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

இந்த இரண்டு பிழைகளுக்கும் நடுவில் உள்ள வழியை முதலில் கண்டவர்களில் இருவர் இரண்டாவது உலக யுத்தத்தின்போது லண்டனுக்கு வடக்கே மில் ஹில் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். ஒருவர் பால் உட், இருதய நிபுணர். அவர் இந்தச் சிப்பாய்களைத் துருவித் துருவிப் பரிசோதித்து, 1941-ல் தீர்ப்புச் சொன்னார். இது இருதய நோயும் அல்ல, உழைப்பினால் வந்ததும் அல்ல. இது பயத்தின் வேலை என்றார். டா கோஸ்டாவின் கட்டுரை வந்து எழுபது வருஷம் ஆகியிருந்தது.

மற்றவர் மாக்ஸ்வெல் ஜோன்ஸ் என்ற இளம் மனநோய் டாக்டர். அவரிடம் ஒப்படைக்கப்பட்டது நூறு கட்டில். நூறு பேருக்கும் ஒரே குறை, ஒரே சந்தேகம். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக அதையே சொல்லிக்கொண்டிருப்பானேன் என்று அவர் எல்லோரையும் சேர்த்து உட்கார வைத்துப் பாடம் நடத்த ஆரம்பித்தார். நெஞ்சு ஏன் அடிக்கிறது, மூச்சு ஏன் வாங்குகிறது, கை ஏன் நடுங்குகிறது என்று உடலியல் பாடம். கேள்விகள் வந்தன, வாதம் நடந்தது. சில நாளில் ஓர் அதிசயம் நிகழ்ந்தது. பழைய நோயாளிகள் புதிதாக வருகிறவர்களுக்குத் தாங்களே விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள். டாக்டர் சொல்வதைவிட அது நன்றாக ஏறியது. 'எனக்கும் அப்படித்தான் இருந்தது' என்று ஒருவன் சொன்னால் மற்றவனுக்குப் பாதி பாரம் இறங்கிவிடுகிறது. ஆஸ்பத்திரி முழுவதுமே ஒரு சமூகமாக இருந்து வைத்தியம் செய்யலாம் என்று பிற்காலத்தில் ஜோன்ஸ் கண்ட முறைக்கு இந்த வகுப்புத்தான் வித்து.

★

அந்த ஒரு வாக்கியத்தின் பலம் எவ்வளவு என்பதற்கு இன்னொரு கதை இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் கிளேர் வீக்ஸ் என்று ஒரு பெண்மணி இருந்தார். 1903-ல் பிறந்தவர். பல்லி, ஓணான் ஜாதிகளில் குட்டி போடுகிறவற்றைப் பற்றி ஆராய்ச்சி செய்து, சிட்னி சர்வகலாசாலையில் விஞ்ஞான டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண். இருபத்தைந்து வயது வாக்கில் தொண்டையில் நோய் கண்டு உடம்பு மெலிந்தது. க்ஷயரோகம் என்று சொல்லி ஒரு சானடோரியத்தில் சேர்த்துவிட்டார்கள். மாதக் கணக்கில் படுக்கை. கடைசியில் அது க்ஷயமே அல்ல என்று தெரிந்தது. ஆனால் அதற்குள் அவருக்கு நெஞ்சுப் படபடப்பு வந்துவிட்டிருந்தது. இரவும் பகலும் நாடியையே கேட்டுக்கொண்டு கிடந்தார். மேற்படிப்புக்கு லண்டன் போன பிறகும் அது விடவில்லை.

அங்கே ஒரு நண்பரிடம் தம் அவஸ்தையைச் சொன்னார். நண்பர் முதல் உலக யுத்தத்தில் சிப்பாயாக இருந்தவர். அவர் திடுக்கிடவில்லை, அநுதாபமும் காட்டவில்லை. பதுங்கு குழிகளில் எங்கள் எல்லோருக்கும் நெஞ்சு அப்படித்தான் அடித்துக்கொள்ளும், நீ அதைக் கண்டு பயப்படுகிறாய், அதனால்தான் அது நிற்காமல் அடிக்கிறது என்ற மாதிரி சொன்னார். அவ்வளவுதான். வீக்ஸுக்குக் கண் திறந்தது. டா கோஸ்டாவின் சிப்பாய்களுக்கு எந்தச் சொல் கிடைக்கவில்லையோ, அதை ஒரு சிப்பாயே வந்து ஒரு விஞ்ஞானிக்குச் சொல்லிவிட்டுப் போனார்!

பிற்பாடு வீக்ஸ் வைத்தியம் படித்து 1945-ல் டாக்டரானார். 1962-ல் நரம்புத் தளர்ச்சிக்காரர்கள் தங்களுக்குத் தாங்களே உதவிக்கொள்வது பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். மனோதத்துவ நிபுணர்கள் வெகு நாள் அதைப் பொருட்படுத்தவில்லை. ஜனங்கள் வாங்கிப் படித்தார்கள். பயத்தில் இரண்டு பயம் உண்டு என்றார் அவர். முதல் பயம் தானாக வருவது. திடீரென்று உடம்பில் மின்னல் மாதிரி பாய்வது. அதைத் தடுக்க முடியாது. இரண்டாவது பயம், 'ஐயோ, இது என்ன, எனக்கு என்ன ஆகப் போகிறது?' என்று நாம் அதன் மேல் ஏற்றுவது. முதல் பயம் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். நெருப்பில் விறகு போடுவது இரண்டாவது பயம்தான்.

அவர் சொன்ன வழியில் நான்கு படிகள். ஓடாமல் எதிரே நில். வந்ததை ஏற்றுக்கொள். மித. காலத்துக்கு விட்டுவிடு. இதில் மிதப்பது என்பதுதான் முக்கியம். காவிரியில் நீச்சல் கற்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கையையும் காலையும் அடித்துக்கொள்கிறவன் முழுகுகிறான். மல்லாந்து உடம்பைத் தளர்த்திப் படுத்தவனைத் தண்ணீரே தாங்கிக்கொள்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு தைரியமாக இருக்கப் பார்ப்பதும் ஒரு வகைச் சண்டைதான். அண்ணி சொன்ன யோசனை பலிக்காததற்குக் காரணம் அதுவே. வீக்ஸ் தமக்கு அது அடியோடு நீங்கிவிட்டது என்று பெருமை பேசவில்லை. வயதான பிறகும் சில இரவுகளில் வந்து எழுப்புவதுண்டு என்றும், அதற்காக யாரும் தமக்கு இரக்கப்பட வேண்டாம் என்றும் சொன்னார். 1990-ல் காலமானார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நியூயார்க்கில் ஹில்சைட் ஆஸ்பத்திரியில் டொனால்ட் க்ளைன் என்ற டாக்டர், 1959 வாக்கில் இமிப்ரமின் என்ற புது மருந்தைச் சில நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 'எனக்கு ஒன்றும் குணமில்லை' என்றார்கள் நோயாளிகள். ஆனால் செத்துப்போகிறேன் என்று தினமும் நர்சுகளிடம் ஓடி வருகிறவர்கள் இப்போது ஓடி வருவதில்லை என்பது நர்சுகளின் கண்ணில் பட்டது. இந்தக் கிலி ஒரு தனி நோய் என்ற எண்ணம் அதிலிருந்து பலப்பட்டது. 1980-ல் அமெரிக்க மனநோய் டாக்டர்கள் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் அதற்குத் தனி இடம் கொடுத்தது. 1986-ல் ஆக்ஸ்போர்டில் டேவிட் கிளார்க் என்பவர், உடம்பில் எழும் சாதாரண மாறுதலைச் சாவின் அறிகுறியாகத் தப்பர்த்தம் செய்துகொள்வதே இந்தக் கிலியின் வேர் என்று எழுதினார். இப்போது இதற்குப் பயிற்சி தருகிறவர்கள் நோயாளியை வேண்டுமென்றே நாற்காலியில் வைத்துச் சுற்றுகிறார்கள். மாடிப்படி ஏறச் சொல்கிறார்கள். வேகமாக மூச்சு விடச் சொல்கிறார்கள். தலை சுற்றும், நெஞ்சு அடிக்கும், ஒன்றும் ஆகாது. அதை அவன் தானே கண்டுகொள்கிறான்.

என்னைக் கேட்டால், இந்த நீண்ட சரித்திரத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது கொஞ்சம்தான். மார்பு வலி என்று முதல் முறை வந்தால் அவசியம் டாக்டரிடம் போக வேண்டும். டார்வின் செய்தது போல் செய்யக் கூடாது. உண்மையான இருதய நோயும் இதே வேஷத்தில் வரக்கூடும். தைராய்டு சுரப்பி மிஞ்சினாலும், ரத்தம் குறைந்தாலும், நம் தஞ்சாவூர்ப் பக்கத்தார் குடிப்பது போல் நாளைக்கு ஆறு டம்ளர் காப்பி குடித்தாலும் நெஞ்சு படபடக்கும். பரிசோதித்து இருதயம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், டாக்டர் 'ஒன்றும் இல்லை' என்று சொல்லி அனுப்பிவிடக் கூடாது. 'இருக்கிறது, அது பயம், அதற்கு வைத்தியம் உண்டு' என்று சொல்ல வேண்டும். நோயாளியும் மனநல டாக்டரிடம் போவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

கிலி வரும் சமயத்தில் மூச்சை மெதுவாக, உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கி விட்டால் கிறுகிறுப்பு அடங்கும். காகிதப் பையை மூக்கில் வைத்து மூச்சு விடுவது பழைய யோசனை. வந்தது நிஜமான இருதய நோயாக இருந்துவிட்டால் அது ஆபத்து என்பதால் இப்போது வேண்டாம் என்கிறார்கள். பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் அது உச்சிக்குப் போய்விட்டுத் தானே இறங்க ஆரம்பித்துவிடும். வந்த இடத்தை விட்டு ஓடாமல் இருப்பது எல்லாவற்றிலும் கஷ்டம். எல்லாவற்றிலும் பலன் தருவதும் அதுதான்.

அண்ணாவை ஒரு மனநல டாக்டரிடம் அழைத்துப் போனோம். அவர் அவசரப்படவில்லை. சில வாரங்கள் உட்கார வைத்து, படம் போட்டு, மில் ஹில் வகுப்பில் நடந்தது போல் விளக்கினார். கொஞ்ச நாள் மாத்திரையும் கொடுத்தார். முதலில் குத்தாலம் வரை, பிறகு ஆடுதுறை வரை என்று பஸ் ஏறிப் பழகச் சொன்னார். அண்ணா இப்போது தனியாகக் கும்பகோணம் போய் வருகிறார். போன மாதம், "வருதா அண்ணா இன்னும்?" என்று கேட்டேன்.

"வராம என்ன? ஆடுதுறையில ஏறிண்டது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. நானும் பேசாம ஜன்னல் வழியா வயலைப் பார்த்துண்டு இருந்தேன். திருவிடைமருதூர்ல இறங்கிப் போயிடுத்து" என்றார்.

டர்னர்ஸ் லேன் ஆஸ்பத்திரியில் கட்டில் கட்டிலாகப் படுத்து, தங்கள் நாடியையே கேட்டுக்கொண்டிருந்த அந்த முந்நூறு சிப்பாய்களில் ஒருவனுக்காவது அப்படிச் சொல்லத் தெரிந்த ஒரு தோழன் கிடைத்திருக்கக் கூடாதா என்று எனக்குத் தோன்றியது.